சிறையில் இருப்பவர் நோயுற்றால்: குடும்பத்தார் அறிய வேண்டிய சட்டமும் வழியும்

சிறை என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கவே நாம் தயங்குகிறோம். “நமக்கு எதற்கு அந்தப் பேச்சு” என்று பெரியவர்கள் தடுத்துவிடுவார்கள். ஆனால் பிழைப்புத் தேடி மும்பைக்கும் தில்லிக்கும் அகமதாபாத்துக்கும் வந்து குடியேறிய நம் மக்களில் எவரேனும் ஒருவர், காசோலை திரும்பிய வழக்கிலோ, வண்டி விபத்திலோ, அக்கம்பக்கத்துச் சண்டையிலோ பெயர் சேர்க்கப்பட்டு உள்ளே போக நேர்வது புதிதல்ல. போனவர் சர்க்கரை நோயாளியாகவோ, இருதய நோயாளியாகவோ, வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்பவராகவோ இருந்துவிட்டால், வழக்கின் கவலையைவிட உயிரின் கவலை முன்னால் வந்து நிற்கிறது. யாரைக் கேட்பது, என்ன எழுதுவது என்று தெரியாமல் குடும்பம் தவிக்கிறது.

2022ஆம் ஆண்டின் முடிவில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவே இல்லை. நூறு பேருக்கான இடத்தில் 131 பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். அந்த நெரிசலில் ஒருவருடைய நோய் யார் கண்ணிலும் படாமல் போவது எளிது.

குற்றம் செய்தாரா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அதுவரையிலும், அதற்குப் பிறகும், அவர் உயிரோடும் உடல்நலத்தோடும் இருக்க என்ன செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

சலுகை அல்ல, உரிமை

முதலில் மனத்தில் பதிய வேண்டியது இது. சிறையில் இருப்பவருக்குச் சிகிச்சை தருவது அதிகாரிகளின் கருணை அல்ல. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையை எல்லோருக்கும் தருகிறது. சிறைக் கதவுக்குள் நுழைந்ததும் அடிப்படை உரிமைகள் எல்லாம் வெளியே தங்கிவிடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் சுனில் பத்ரா வழக்கில் 1978லும் 1979லும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 1979ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குக் காரணமாக இருந்தது, திகார் சிறையிலிருந்து ஒரு கைதி மற்றொரு கைதி படும் துன்பத்தைப் பற்றி நீதிபதிக்கு எழுதிய கடிதம். பெங்களூர் மத்திய சிறையிலிருந்து வந்த ஒரு கடிதத்தையும் உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. ராமமூர்த்தி வழக்கு எனப்படும் அதில் 1996ல், சிறைகளில் உடனே சீர்செய்ய வேண்டிய குறைகளில் ஒன்றாகக் கைதிகளின் உடல்நலப் புறக்கணிப்பையும் நீதிமன்றம் குறிப்பிட்டது. எழுதிய கடிதத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன.

சிறைகள் மாநில அரசின் பொறுப்பில் இருப்பவை. ஆகவே விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். தில்லிக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டமும் 2018ஆம் ஆண்டு விதிகளும் உண்டு. பல மாநிலங்களில் அடிப்படையாக இருந்து வருவது 1894ஆம் ஆண்டின் சிறைச் சட்டம். நூறாண்டைத் தாண்டிய அந்தப் பழைய சட்டமே பின்வருவனவற்றைக் கட்டாயமாக்கியது. புதிதாக வரும் கைதியை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ அதற்கு உரிய இடமோ இருக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று கைதி கேட்டாலோ, உடல்நலம் குன்றியவராகத் தெரிந்தாலோ, காவலில் உள்ள சிப்பந்தி தாமதமின்றி மேலே தெரிவிக்க வேண்டும். மருத்துவர் சொல்வதெல்லாம் கைதியின் சீட்டில் பதியப்பட வேண்டும்.

உலக அளவில் 2015ஆம் ஆண்டு டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட விதிகளுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரே வைக்கப்பட்டது. 27 ஆண்டுகள் சிறையில் இருந்த அவருக்கு 1988ல் காசநோய் கண்டு, வெளி மருத்துவமனையில் சிகிச்சை அளிக்கப்பட்டது. வெளியே உள்ள மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றிக் கைதிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்கிறது 24ஆம் விதி. மருத்துவ முடிவை மருத்துவரே எடுக்க வேண்டும், அதைச் சிறை அதிகாரிகள் மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது 27ஆம் விதி. இவை நம் நாட்டுச் சட்டங்களைப் போல நேரடியாகக் கட்டுப்படுத்துபவை அல்ல. ஆனாலும் வக்கீல்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டக் கூடியவை.

ஜாமீன் வேறு, சிகிச்சை வேறு

நம் குடும்பங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். உள்ளே இருப்பவருக்கு உடம்பு சரியில்லை என்றதும் எல்லோரும் ஜாமீனையே நினைக்கிறோம். வக்கீலும் ஜாமீன் மனுவைத்தான் போடுகிறார். அது வாரக்கணக்கில் ஒத்திவைக்கப்படுகிறது, சில நேரம் தள்ளுபடியாகிறது. அத்தனை நாளும் நோயாளி மருந்தில்லாமல் காத்திருக்கிறார்.

ஜாமீன் என்பது “இவரை வெளியே விடுங்கள்” என்ற கோரிக்கை. சிகிச்சை மனு என்பது “இவர் உள்ளேயே இருக்கட்டும், ஆனால் இந்த மருத்துவமனையில் இந்தத் தேதிக்குள் காட்டுங்கள்” என்ற கோரிக்கை. முதலாவதை எதிர்க்க அரசுத் தரப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். இரண்டாவதை எதிர்க்க அவ்வளவு காரணம் இல்லை. எவ்வளவு கடுமையான சட்டத்தின்கீழ் கைதானாலும் சிகிச்சை பெறும் உரிமை போய்விடுவதில்லை. ஆகவே இரண்டு மனுக்களையும் தனித்தனியே போடச் சொல்லுங்கள். ஜாமீன் மனு நிலுவையில் இருப்பதால் சிகிச்சை மனு காத்திருக்க வேண்டியதில்லை.

ஜாமீன் கேட்கும்போதும் நோய் ஒரு தனிக் காரணம் என்பதை மறக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவு, நோயுற்றவரையும் தளர்ந்தவரையும் மற்றவர்களிலிருந்து பிரித்துப் பார்த்து ஜாமீன் தர இடம் தருகிறது. பழைய சட்டத்தில் இது 437ஆம் பிரிவாக இருந்தது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவிலும் இதே போன்ற விலக்கு உண்டு.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

ஒன்று: கைதான நாளிலேயே நோயைப் பதியச் செய்யுங்கள். கைது செய்யப்பட்டவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 53ஆம் பிரிவு. அந்த அறிக்கையின் நகல் கைதானவருக்கோ, அவர் குறிப்பிடும் நபருக்கோ தரப்பட வேண்டும். கேட்டு வாங்குங்கள். அவருடைய உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிப்பது காவலில் வைத்திருப்பவரின் கடமை என்று 56ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்பது 1996 டிசம்பரில் வந்த டி.கே.பாசு தீர்ப்பின் கட்டளைகளில் ஒன்று. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, “எனக்கு இன்ன நோய், இன்ன மருந்து” என்று கைதானவரே சொல்லலாம். வக்கீல் அதை எழுத்திலும் தர வேண்டும்.

இரண்டு: மருத்துவச் சுருக்கம் ஒன்றைத் தயார் செய்யுங்கள். ஊரில் பார்த்த மருத்துவமனைக் காகிதங்கள், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் வாங்குங்கள். அதில் நோயின் பெயர், மருந்துகளின் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, மருந்து நின்றால் என்ன ஆகும், எத்தனை நாளில் ஆகும் என்பது இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். இன்சுலின், டயாலிசிஸ், வலிப்பு மருந்து, புற்றுநோய் ஊசி, காசநோய் மருந்து ஆகியவை இடைவெளி பொறுக்காதவை. காசநோய் மருந்தை இடையில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். இதை டாக்டர் எழுதினால்தான் நீதிபதி அவசரத்தை உணர்வார்.

மூன்று: சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதுங்கள். சிறை மருத்துவருக்கும் ஒரு நகல் போகட்டும். நேரில் கொடுத்தால் தேதியுடன் முத்திரையிட்ட ஒப்புகை வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வெளியிலிருந்து நாம் கொண்டுபோகும் மாத்திரைகளைச் சிறை மருத்துவரின் சம்மதமின்றி உள்ளே விடமாட்டார்கள். ஆகையால் மருந்துச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்து அனுமதி கேளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது போதாது. சொன்னதற்குச் சாட்சி இராது.

நான்கு: வெளி மருத்துவமனைக்கு எழுதப்பட்டதா என்று விசாரியுங்கள். சிறைக்குள் முடியாத சிகிச்சைக்கு அரசு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். திகார் கைதிகளைத் தீன் தயாள் உபாத்யாயா மருத்துவமனைக்கும், மும்பைக் கைதிகளை ஜே.ஜே. மருத்துவமனைக்கும் கொண்டு செல்வது வழக்கம். சிறை மருத்துவர் எழுதிவிட்டாலும், அழைத்துச் செல்ல வழிக்காவல் போலீசார் கிடைக்கவில்லை என்று நாள் தவறிப்போவது உண்டு. அப்படித் தவறிய ஒவ்வொரு தேதியையும் குறித்து வையுங்கள்.

ஐந்து: நீதிமன்றத்தில் சிகிச்சை மனுப் போடுங்கள். விசாரணைக் கைதி என்றால் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் போடலாம். தண்டனைக் கைதி என்றால் மேல்முறையீடு உள்ள நீதிமன்றத்தில் தண்டனையை நிறுத்தி வைக்கக் கேட்கலாம், அல்லது மாநில விதிப்படி பரோல் கேட்கலாம். எதுவும் நடக்காத நிலையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம். மனுவில் “தக்க சிகிச்சை தர வேண்டும்” என்று பொதுவாகக் கேட்டால், “தரப்படுகிறது” என்று பொதுவாகவே பதில் வரும். எந்த மருத்துவமனை, எந்தப் பிரிவு, எந்தத் தேதிக்குள் என்று திட்டமாகக் கேளுங்கள். வழிக்காவல் ஏற்பாடு, மருத்துவ அறிக்கையின் நகல், குடும்பத்துக்குத் தகவல் ஆகியவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஆறு: காவல் நீட்டிப்பு நாளை வீணாக்காதீர்கள். ஒரு தடவைக்கு 15 நாளுக்கு மேல் காவலை நீட்டிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இல்லை. நேரிலோ வீடியோ மூலமாகவோ கைதி நீதிபதியின் கண்ணில் படும் நாள் அது. தன் உடல்நிலையை அன்று அவரே சொல்லலாம். அதைப் பதிவு செய்யுமாறு வக்கீல் கேட்க வேண்டும்.

இரண்டு முதியவர்களின் வரலாறு

மேலே சொன்னவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு, தலோஜா மத்திய சிறையில் இருந்த இருவரின் வரலாற்றைப் பார்க்கலாம். வழக்கின் நியாயத்துக்குள் நாம் போகவில்லை. சிகிச்சை தொடர்பானதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் பாதிரியார் ஸ்டான் சுவாமி. திருச்சி மாவட்டத்தில் 1937ல் பிறந்து, ஜார்க்கண்டில் ஆதிவாசிகளிடையே பல்லாண்டு உழைத்த தமிழர். பீமா கோரேகாவ் வழக்கில், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2020 அக்டோபர் 8 அன்று ராஞ்சியில் கைதானபோது அவருக்கு வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கும். குவளையைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியாது. உறிஞ்சு குழலும் மூடியிட்ட குவளையும் வேண்டும் என்று 2020 நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனுச் செய்தார். பதில் சொல்லப் புலனாய்வு முகமைக்கு 20 நாள் அவகாசம் தரப்பட்டது. நவம்பர் 26 அன்றும் விஷயம் முடியவில்லை. ஒரு குழலுக்காக ஒரு மாதம் கழிந்தது.

மருத்துவக் காரணத்துக்காகக் கேட்ட ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 மார்ச்சில் வழக்கமான ஜாமீனும் மறுக்கப்பட்டது. மே 21 அன்று வீடியோ மூலம் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகளிடம் பேசினார். சிறைக்கு வந்தபோது தானே குளித்து, நடந்து, எழுதி, உண்ண முடிந்ததென்றும், அவை ஒவ்வொன்றாகப் போய்விட்டன என்றும் சொன்னார். மே 28 அன்று நீதிமன்றம் அவரைப் பாந்திராவில் உள்ள ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவிட்டது. அங்கே கொரோனா தொற்று இருப்பது தெரிந்தது. ஜூலை 5 அன்று அவருடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை மருத்துவர் நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

இரண்டாமவர் தெலுங்குக் கவிஞர் வரவர ராவ். அதே வழக்கு, அதே சிறை, அவரும் எண்பதை எட்டியவர். 2020 ஜூலையில் தொலைபேசியில் அவர் பேச்சுத் தடுமாறியதைக் கேட்ட குடும்பத்தார் வாளாவிருக்கவில்லை. பகிரங்கமாகச் சொன்னார்கள். ஜே.ஜே. மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மீண்டும் சிறைக்கு அனுப்பப்பட்டு உடல் மோசமானபோது, அவருடைய மனைவி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்தார். அதில் முன்வைக்கப்பட்டது 21ஆம் பிரிவு. நவம்பரில் நீதிமன்றம் அவரை நானாவதி மருத்துவமனைக்கு மாற்றியது. அங்குள்ள மருத்துவர்களின் அறிக்கைகள் நீதிபதிகளின் மேசைக்கு வந்தன. அவரைத் திரும்பவும் தலோஜாவுக்கு அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று கண்டு, 2021 பிப்ரவரி 22 அன்று ஆறு மாத ஜாமீன் தரப்பட்டது. 2022 ஆகஸ்ட் 10 அன்று உச்ச நீதிமன்றம் மருத்துவக் காரணத்துக்காக நிரந்தர ஜாமீனே தந்தது.

இருவர் கதையும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. ஒருவர் பிழைத்ததற்கும் ஒருவர் மறைந்ததற்கும் ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. ஜாமீன் அரிதான அந்தச் சட்டத்திலும், சிகிச்சைக்காக உயர் நீதிமன்றத்தை அணுகிய வழி திறந்தது. வெளி மருத்துவமனையின் எழுத்து மூலமான அறிக்கை பின்னர் ஜாமீனுக்கே ஆதாரமாயிற்று. முதியவர்களின் உடல் வழக்கின் வேகத்துக்காகக் காத்திராது என்பதும் தெளிவு.

வழக்கமாக எழும் கேள்விகள்

வக்கீல் வைக்க வசதி இல்லையே? 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், காவலில் உள்ள எவருக்கும் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இதற்கான அலுவலகம் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

உள்ளே என்ன சிகிச்சை நடக்கிறது என்றே சொல்ல மறுக்கிறார்களே? 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பான தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே “உயிர் தொடர்பானது, 48 மணி நேரம்” என்று எழுதுங்கள். கைதியே கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை இணைப்பது நல்லது.

தனியார் மருத்துவமனையில் காட்டலாமா? நீதிமன்ற அனுமதி பெற்றுக் காட்டலாம். செலவைக் குடும்பமே ஏற்க வேண்டி வரலாம். ஸ்டான் சுவாமியை மாற்றியதும் அப்படியே. தம் சொந்த டாக்டர் வந்து பார்க்க, தக்க காரணம் காட்டி, தம் செலவில் கேட்க விசாரணைக் கைதிக்கு இடமுண்டு என்கிறது மண்டேலா விதிகளின் 118ஆம் விதி.

ஆங்கிலமோ இந்தியோ எழுதத் தெரியாதே? தேசிய மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தமிழிலேயே புகார் எழுதலாம். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அது ஏற்கப்படும். கட்டணம் கிடையாது. நோயாளியின் பெயர், சிறையின் பெயர், நோய், மறுக்கப்பட்ட சிகிச்சை, தேதிகள் இவை இருந்தால் போதும்.

சங்கங்கள் செய்யக் கூடியது

வெளிமாநிலச் சிறையில் நம்மவருக்குப் பெரிய தடை மொழி. “நெஞ்சு அடைக்கிறது” என்பதற்கும் “நெஞ்சு கரிக்கிறது” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்தியிலோ மராத்தியிலோ சொல்லத் தெரியாமல், இருதய நோயாளி அஜீரண மாத்திரையோடு திரும்ப நேரலாம். தமிழ்ச் சங்கங்களில் ஓய்வுபெற்ற மருத்துவர்களும் வக்கீல்களும் அரசு அலுவலர்களும் இருக்கிறார்கள். மருத்துவச் சுருக்கத்தை மொழிபெயர்த்துத் தருவது, மனு எழுத உதவுவது, ஊரிலிருந்து ரயிலேறி வரும் பெற்றோருக்கு இரண்டு நாள் தங்க இடம் தருவது, முலாகாத் எனப்படும் கைதிச் சந்திப்புக்கு உடன் போவது ஆகியவை பெரிய செலவில்லாத உதவிகள். வழக்கைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாமலே இவற்றைச் செய்யலாம்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. வெட்கத்தால் நோயை மறைக்காதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரிடம் எந்தத் தேதியில் என்ன கொடுத்தோம், என்ன பதில் வந்தது, எந்த நாள் மருந்து கிடைக்கவில்லை என்று அன்றன்றே எழுதுங்கள். ஒப்புகைகளையும் ரசீதுகளையும் அதனோடு ஒட்டி வையுங்கள். “சிகிச்சை தரப்படுகிறது” என்று அரசுத் தரப்பு சொல்லும்போது, தரப்படாத தேதிகளை வக்கீல் வரிசையாகப் படித்துக் காட்ட அந்த நோட்டுப் புத்தகம் உதவும்.